கரைவலையும் தேகாப்பியாசமும்

சிலாபம் நகரை அடுத்து, குருநாகல் செல்லும் வீதியை அண்டி முன்னேஸ்வரம் அமைந்துள்ளது. ஈழத்தின் தொன்மை வாய்ந்த ஈஸ்வரங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் இத்தலத்துக்குக் கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் நிலமானியம் வழங்கினான். போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 18ஆம் நூற்றாண்டில் அதனைப் புதுப்பித்தான். இச்செய்திகள் பலராலும் எடுத்துக் கூறப்பட்டவை. மானியம் அளித்த மன்னரைப் பற்றி எழுதியோர், தலத்தின் தேர்வடத்தைப் பற்றியிழுத்த கைகளைப் பற்றி அதிகம் எழுதினாரல்லர். அக்கைகளுட் சில, ஆண்டின் ஏனைய நாட்களில் வேறொரு வடத்தை இழுத்துப் பழகியவை எனக் கொள்ளலாம். சிலாபத்துக்கு வடக்கே உடப்பு முதலான தமிழ்க் கிராமங்களின் கரையில் இழுக்கப்பட்ட கரைவலைக் கயிறே அது.

கரைவலைத் தொழில் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். தோணியிலே வலையை ஏற்றிச் சென்று, கடலில் அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரு நுனிக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவர். பின்னர் இரு அணியாகப் பிரிந்து நின்று, நடுவிலுள்ள மடி கரையேறும் வரை இழுப்பர். ஒரு பாடு இழுத்து முடிக்கப் பல மணிநேரம் செல்லும். இழுப்போரின் கால்கள் மணலிற் புதையும். முதுகு பின்னோக்கிச் சாயும். இடுப்பும் தொடையுமே பாரத்தைத் தாங்கும். தனியொருவன் தன் விருப்பப்படி இழுத்துப் பயனில்லை. எல்லோரும் ஒரே கணத்தில் இழுத்து ஒரே கணத்தில் மூச்செடுத்தல் வேண்டும். அதற்காகவே அம்பாப் பாடல்கள் எழுந்தன. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க ஏனையோர் தொடர்ந்து பாடும் அப்பாடல், இலக்கியமாவதற்கு முன்னரே உடலின் அளவுகோலாக இருந்தது.

இவ்வாறு பெற்ற வலிமையை எவரும் தேடிப் பெற்றாரல்லர். சோறு தேடிய வழியில் அது தானே வந்தது. ஆயினும் இதனைப் பொற்காலமாகச் சித்திரித்தல் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கடல் கொந்தளிக்கும். வலை கரையிற் கிடக்கும். உழைப்புக் குறையும்போது உணவும் குறையும். ஒருவனுடைய வயதையும் உடல்நிலையையும் பார்த்துக் கடல் தன் பாரத்தைக் குறைத்துக் கொடுப்பதில்லை. உடலை வளர்த்த அதே தொழில், காலம் செல்ல அதனைத் தேய்த்தும் விட்டது. உழைப்புக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே காணப்படுகிறது. பயிற்சியில், பாரத்தின் அளவைத் தீர்மானிப்பவன் பாரம் தூக்குபவனே.

பண்டைத் தமிழர் உடல்வலிமையைப் போற்றினர் என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. புறநானூற்றின் 80 முதல் 85 வரையான பாடல்கள் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பற்றியவை. அவற்றுள் முதலாவது, ஆமூர் மல்லனை அவன் பொருது வீழ்த்தியதைப் பாடுவது. ஒரு கால் எவ்வாறு மார்பில் ஊன்றியது, மறுகால் எதனைத் தடுத்தது என்பதுவரை புலவர் சாத்தந்தையார் காட்டுகிறார். பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் மாமல்லன் என்ற பெயராலேயே அறியப்பட்டான். தமிழகத்தின் தென்மாவட்டங்களில், இளைஞர் தூக்கித் தோளுக்கு மேலாக எறிந்து தம் ஆண்மையை நிறுவிய இளவட்டக்கற்கள் இன்றும் ஊர்ப்பொதுவிடங்களிற் கிடக்கின்றன.

எனினும், இச்சான்றுகள் யாவும் முடிவையே கூறுகின்றன என்பது ஈண்டு நோக்கற்பாலது. மல்லன் வீழ்ந்தான், கல் உயர்ந்தது. அதற்கு முந்திய நாட்களில் அவ்வீரன் என்ன உண்டான், எத்தனை கல்லைத் தூக்கத் தவறினான், எம்முறையில் முன்னேறினான் என்பதைப் பாடல் கூறுவதில்லை. படிமுறையான பயிற்சி அக்காலத்தில் இல்லை என்பது இதன் பொருளன்று. கனத்தால் வேறுபட்ட கர்லாக்கட்டைகள் இருந்தமையே, எளிதில் தொடங்கி அரிதை அடையும் முறையை ஆசான்மார் அறிந்திருந்தனர் என்பதற்குப் போதிய சான்றாகும். ஆனால் அவ்வறிவு ஆசானின் கண்ணிலும் மாணவனின் தோளிலும் மட்டுமே தங்கியிருந்தது, ஏட்டில் ஏறவில்லை. இந்தியாவிலிருந்த பிரித்தானியப் படையினர் இக்கட்டைகளைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றனர். 19ஆம் நூற்றாண்டில் அங்கு அவை பெருவழக்காயின. பின்னர் அவையே பாடசாலைத் தேகாப்பியாசத்தின் பகுதியாக, ஆங்கிலப் பொருள்போல, இந்நாடுகளுக்குத் திரும்பி வந்தமை வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

பயிற்சி எண்ணிக்கைக்கு உட்பட்ட காலம் அதன் பின்னரே தொடங்குகிறது. 1867இல் பிரஷ்யாவிற் பிறந்த யூஜின் சாண்டோ, தன் உடலையே காட்சிப் பொருளாக்கி உலகைச் சுற்றியவர். 1904, 1905ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவுக்கு வந்தார். அவருடைய பெயர் தமிழிலே பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. பிற்காலத்திற் படத்தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற கோயம்புத்தூர்ச் சின்னப்பா தேவர் ‘சாண்டோ’ என்ற அடைமொழியுடனேயே அறியப்பட்டார். எனினும் சாண்டோவின் உண்மையான பங்களிப்பு அவரது தசைகளில் இருக்கவில்லை. எந்தப் பயிற்சியை எத்தனை தடவை செய்தல் வேண்டும், எப்போது ஒன்று கூட்டுதல் வேண்டும் என்று அட்டவணை இட்டு, அதனை அச்சிட்டு, தன்னை ஒருபோதும் காணாதவனும் பின்பற்றும்படி செய்தமையே அது.

அவ்வழியைத் தென்னிந்தியாவில் வளர்த்தவருள் முதன்மையானவர் கே. வி. ஐயர் (1897–1980). பெங்களூரில் ஹெர்குலிஸ் உடற்பயிற்சிச் சாலையை நடத்திய இவர், பாரந்தூக்கலையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை; இரண்டையும் இணைத்தே போதித்தார். அஞ்சல்வழியாகவும் பாடம் நடத்தினார். இவர் கன்னடத்தில் நாவல்கள் எழுதியவருமாவார் என்பது, தசை வளர்ப்போருக்கு மூளை வளராது என்று கூறித் திரிவோர் மனங்கொள்ளத்தக்கது. சென்னையில் எச். சி. பக் 1920இல் வை.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். உடற்பயிற்சியைக் கற்பிப்பதற்கென ஆசிரியர்கள் முறையாகப் பயிற்றப்பட்டது அங்கேதான்.

சிறிது சிறிதாகப் பாரத்தைக் கூட்டுதல் என்ற எண்ணம் மிகப் பழையது. கி.மு. 6ஆம் நூற்றாண்டிற் கிரேக்க மல்லன் மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கி, அது எருதாக வளர்ந்தபின்பும் தூக்கினான் என்பது கதை. கதையில் உள்ள உண்மையை அளந்து காட்டியவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் தோமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப்போரிற் காயமுற்ற வீரருக்கு, நலிந்த காலுக்கு ஏற்ற பாரத்திலிருந்து தொடங்கி, அதனைப் படிப்படியாகக் கூட்டிச் சிகிச்சை அளித்து, 1945இல் அம்முறையை வெளியிட்டார். மல்லர்க்கு உரியதாயிருந்தது நோயாளிக்கும் உரியதாயிற்று.

பாரந்தூக்கலில் தமிழர் பெற்ற வெற்றிகளும் இப்படிமுறையின் விளைவே. 1978இல் எட்மன்டன் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் பெற்றனர். வேலூர்ப் பகுதியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014இலும் 2018இலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். முதல்முறை அவர் தூக்கிய மொத்தம் 328 கிலோ; இரண்டாம் முறை 317 கிலோ. படிமுறை என்பது ஏணிபோல் என்றும் மேல்நோக்கியே செல்லும் என எண்ணுவோர் இவ்விரு எண்களையும் ஒப்புநோக்குதல் நன்று. பெண்கள் இவ்வரலாற்றில் மிகப் பிந்தியே இடம்பெற்றனர். ஒலிம்பிக்கில் மகளிர் பாரந்தூக்கல் சேர்க்கப்பட்டது 2000ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டே ஆந்திரத்தின் கர்ணம் மல்லேஸ்வரி வெண்கலம் பெற்றார். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் சுமந்த தோள்களை எவரும் அதுவரை பாரந்தூக்கும் தோள்களாகக் கருதவில்லை போலும்.

இனி, உணவைப் பற்றி நோக்கலாம். முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து உண்ணுதலைத் திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் வலியுறுத்துகிறது. ஆயினும் எவ்வளவு என்பதோடு எது என்பதும் முக்கியம் என்பதைத் தமிழ்த் தொழிலாளரின் உணவே உலகுக்கு உணர்த்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் பலரைக் கொன்றது. தீட்டிய பச்சையரிசி உண்ட சீனத் தொழிலாளர் மத்தியில் அது பரவியிருக்க, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். அங்கு பணியாற்றிய மருத்துவர் பிரடன் இதனைக் கூர்ந்து நோக்கி 1907இல் நூலாக எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகிறது என்பதே காரணம். தோட்டத் துரைமாரின் பார்வையில் தாழ்ந்த சோறு, உயர்ந்த சோறாக நின்றது.

இதற்காகத் தமிழர் பெருமைகொள்வதற்குள் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். நீலகிரியின் குன்னூரில் ஆய்வு நடத்திய ரொபர்ட் மக்கரிசன், இந்தியாவின் வெவ்வேறு மக்கட் குழுவினரின் உணவை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றைக் கொண்ட சீக்கியர் உணவை உண்டவை மிக நன்றாக வளர்ந்தன. சோற்றையே பெரிதும் நம்பிய சென்னைப் பகுதி உணவை உண்டவை வரிசையில் கடைசியில் நின்றன. தட்டு நிறையச் சோறும், அதன் ஓரத்தில் ஒரு துளி கறியும் என்ற வழக்கம் இன்றும் முற்றாக மறைந்ததன்று. புத்தளம் மாவட்டக் கடற்கரையில் மீனும் தேங்காயும் குரக்கனும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தன. குறைந்த கூலிக்கு உழைத்தோர் வீட்டில், நல்ல மீன் சந்தைக்குச் செல்ல, எஞ்சியதே சட்டிக்கு வந்தது என்பதையும் மறத்தலாகாது.

ஓட்டத்தின் வரலாறு வேறு வகையானது. ஓடுதல் பந்தயக்காரனுக்கே உரியது என்ற எண்ணத்தை மாற்றியவர் நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட். 1960களின் தொடக்கத்தில் ஓக்லாந்து நகரில் நடுவயதினரைத் திரட்டி, பேசிக்கொண்டே ஓடக்கூடிய அளவு மெதுவாக ஓடச்செய்தார். 1962இல் அங்கு சென்ற அமெரிக்கப் பயிற்றுநர் பில் பௌவர்மன் அவர்களுடன் ஓடிப் பார்த்தார். எழுபது வயதைத் தாண்டிய, மாரடைப்புக்கு ஆளாகியிருந்த ஒருவர், பின்தங்கிய அவருக்காகத் தம் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உடன் ஓடினாராம். ஐம்பது வயதுப் பயிற்றுநருக்கு இதைவிட நல்ல பாடம் வேறில்லை. நாடு திரும்பி அவர் எழுதிய நூலே மெல்லோட்டத்தை அமெரிக்காவெங்கும் பரப்பிற்று.

ஈழத்தமிழரிடையே சிறிது சிறிதாக உயர்தலை நேர்ப்பொருளிலேயே செய்து காட்டியவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவராயிருந்த இவர், 17 வயதில், 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தார். 1956இல் மெல்பேர்ணிலும் கலந்துகொண்டார். 1958இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் பெற்றார். ஆசியப் போட்டியில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே. உயரம் பாய்தலில் குறுக்குச் சட்டம் சென்ரிமீற்றர் கணக்கிலேயே உயர்த்தப்படுகிறது. ஒவ்வோர் உயரமும் எழுதப்படுகிறது. ஒவ்வொரு தவறும் எழுதப்படுகிறது.

உழைப்பின் உடலும் எழுத்தில் ஏறிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. இலண்டனின் ஈரடுக்குப் பஸ் வண்டிகளில் நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளையும், படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களையும் ஒப்பிட்டு, ஜெரி மோரிஸ் 1953இல் தமது ஆய்வை வெளியிட்டார். இதயநோய் நடத்துநரிடையே குறைவாகவே காணப்பட்டது. ஒரே வண்டி, ஒரே நிறுவனம், வேறுபாடு படிகளே. அப்படிகளை ஏறியவர் எவரும் தாம் தேகாப்பியாசம் செய்வதாக எண்ணியிருக்கமாட்டார்.

இதனை மனத்திற்கொண்டு மீண்டும் சிலாபத்துக் கரையை நோக்குவோமாயின், அங்கு நிகழ்ந்துவரும் மாற்றத்தின் கனம் புலனாகும். அண்மைக் காலத்தில் இலங்கையின் பல கரைகளில், உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் பொறி கரைவலைக் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. அதுபற்றி எழுந்த வழக்காடல்கள் பெரும்பாலும் மீன்வளத்தையும் கூலியையும் கடலடி நிலத்தையும் பற்றியனவாகவே இருந்தன. உடலைப் பற்றி எவரும் வழக்காடவில்லை. பொறி இழுக்கும் கரையில் கயிறு பிடிப்போர் தொகை குறைகிறது. நடத்துநராயிருந்தவன் ஒரே பருவத்திற் சாரதியாகிவிடுகிறான். அவனுடைய சோற்றின் அளவோ பழைய உழைப்பின் அளவாகவே நிற்கிறது. நகரத்து உடற்பயிற்சி நிலையத்துக்குக் கட்டணமும் ஓய்வு நேரமும் வேண்டும். அவை இரண்டும் உடையவன் கயிறு பிடித்தவன் அல்லன். கரையோர ஈரமணல் மட்டும் எவரிடமும் கட்டணம் கேட்பதில்லை. லிடியார்ட்டின் நடுவயதினர் ஓடத் தொடங்கியதும் அத்தகைய வெறும் நிலத்திலேதான்.

அம்பாப் பாடல்கள் தொகுக்கப்பட்டு அச்சேறிவிட்டன. அவற்றைப் பாடியோர் ஒரு பாட்டுக்கு எத்தனை பேர் நின்றனர், பாடு முடிந்து என்ன உண்டனர், எந்த வயதிற் கயிறு பிடித்து எந்த வயதிற் கைவிட்டனர் என்பன இன்னும் அவர்களின் நினைவிலேயே உள்ளன. கேட்டு எழுதுவோருக்குச் சொல்லக்கூடிய முதியோர் உடப்பில் இன்றும் இருக்கின்றனர்.