அதிகாரச் செருக்கு

அதிகாரச் செருக்கு என்பது, ஒருவர் பதவியில் வேரூன்றியபின் அவரிடம் மெல்ல முளைத்து, தன் கணிப்பு தவறவே தவறாது என்ற எண்ணமாக இறுகிவிடும் மனநிலை. உடன்பிறந்த தற்பெருமை வேறு, இது வேறு. "முன்பெல்லாம் இப்படி இல்லையே" என்று பழகியவர்கள் சொல்லத் தொடங்குவதே இதற்கு அடையாளம். பேச்சு வழக்கில் தலைக்கனம், மண்டைக்கனம் என்பார்கள். திருக்குறளின் 'குற்றங்கடிதல்' அதிகாரம் ஆள்பவர் விலக்க வேண்டிய குற்றங்களைச் சொல்லும்போது செருக்கைத்தான் முதலில் வைக்கிறது. அதற்கு அடுத்த 'பெரியாரைத் துணைக்கோடல்' இடித்துரைப்போர் இல்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்கிறது. இரண்டு அதிகாரங்களும் அடுத்தடுத்து நிற்பது பொருத்தமானது. செருக்கு வளர்வதும் இடித்துரைப்போர் குறைவதும் பெரும்பாலும் ஒன்றாகவே நடக்கின்றன.

அதிகாரச் செருக்கை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக வரையறுக்க முயன்றவர் டேவிட் ஓவன். நரம்பியலில் பயிற்சி பெற்ற மருத்துவரான இவர் 1977இல், 38 வயதில், பிரிட்டனின் வெளியுறவு அமைச்சரானார். உளநோய் மருத்துவர் ஜோனதன் டேவிட்சனுடன் சேர்ந்து 2009இல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், நூறாண்டுக் கால பிரிட்டிஷ் பிரதமர்களையும் அமெரிக்க அதிபர்களையும் ஆராய்ந்தார். அதில் 14 அறிகுறிகள் தரப்பட்டுள்ளன. நாடும் தானும் ஒன்றே என எண்ணுவது, தன்னைப் பற்றி 'நாம்' என்று அரசபாணியில் பேசுவது, வரலாறு தனக்கே நியாயம் வழங்கும் என்று அசையாமல் நம்புவது ஆகியவை அவற்றுள் சில. லாயிட் ஜார்ஜ், நெவில் சேம்பர்லின், மார்கரெட் தாட்சர், டோனி பிளேர், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆகியோரிடம் இந்தத் தொகுப்பு தென்பட்டதாக இருவரும் கருதினர். பதவியோடு வரும் இந்தக் குறை, பதவி போனபின் பெரும்பாலும் தணிந்துவிடும் என்பது அவர்கள் கருத்து.

தாட்சரின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1979இல் பிரதமரானபோது அவர் அமைச்சரவையில் அவரோடு மல்லுக்கு நிற்கக்கூடிய மூத்தவர்கள் இருந்தார்கள். 1982இல் ஃபாக்லாந்து தீவுகளை மீட்கப் படை அனுப்பிய துணிவு வெற்றியில் முடிந்தது. 1983, 1987 தேர்தல்களிலும் வென்றார். எதிர்த்துச் சொன்னவர்களைவிடத் தன் உள்ளுணர்வே சரி என்று அவர் நம்ப இந்த வெற்றிகளே போதுமானவையாக இருந்தன. நிதானம் சொல்லக்கூடிய துணைப் பிரதமர் வில்லியம் வைட்லா பக்கவாதத்துக்குப்பின் 1988 ஜனவரியில் விலகினார். நிதியமைச்சர் நைஜல் லாசன் 1989 அக்டோபரில் வெளியேறினார்.

அந்தக் காலத்தில்தான் தலைவரி வந்தது. சொத்தின் மதிப்பைப் பாராமல், ஓர் ஊரில் கோடீஸ்வரருக்கும் அவர் வீட்டுத் தோட்டக்காரருக்கும் ஏறத்தாழ ஒரே தொகையை விதித்த உள்ளாட்சி வரி இது. 1985இலேயே லாசன் இதைப் பற்றி எச்சரித்திருந்தார். 1989இல் ஸ்காட்லாந்திலும் மறு ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறைக்கு வந்தது. 1990 மார்ச் 31 அன்று லண்டன் டிரஃபால்கர் சதுக்கம் கலவரக்களமானது. அப்போதும் தாட்சர் இறங்கிவரவில்லை. 1979 அமைச்சரவையில் அவரோடு எஞ்சியிருந்த ஒரே மனிதரான ஜெஃப்ரி ஹவ் நவம்பர் 1 அன்று விலகி, 13 அன்று நாடாளுமன்றத்தில் அமைதியான குரலில் அவரைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டினார். ஒரு வாரத்தில் கட்சித் தலைமைக்கான வாக்கெடுப்பு நடந்தது. தாட்சருக்கு 204, எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. முதல் சுற்றிலேயே வெல்லத் தேவையான இடைவெளிக்கு நான்கு வாக்குகள் குறைந்தன. பிறகு அமைச்சர்கள் ஒவ்வொருவராகத் தனியறையில் வந்து, நின்றால் தோற்பீர்கள் என்றனர். ஆண்டுக்கணக்காக வாய்திறவாதவர்கள் எல்லோரும் ஒரே மாலையில் பேசினார்கள். நவம்பர் 22 அன்று அவர் விலகல் அறிவிப்பு வெளியானது.

அதிகாரம் மனத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்குச் சோதனைச் சான்றுகளும் உண்டு. ஆடம் கேலின்ஸ்கி குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தாம் அதிகாரம் செலுத்திய ஒரு தருணத்தை நினைவுகூரும்படி சிலரிடமும், பிறர் அதிகாரத்துக்கு அடங்கியிருந்த தருணத்தை நினைவுகூரும்படி வேறு சிலரிடமும் கேட்டார்கள். பிறகு இரு சாராரும் தம் நெற்றியில் ஆங்கில 'ஈ' எழுத்தை வரைய வேண்டும். அதிகாரத்தை நினைத்தவர்கள், எதிரே இருப்பவர் படிக்கும்படி எழுதாமல் தமக்கு நேராக எழுதியது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். வெறும் நினைவே இப்படிச் செய்கிறது என்றால், பத்தாண்டுப் பதவி என்ன செய்யாது?

வணிக உலகில் இதற்கு விலை பணமாகக் கொடுக்கப்படுகிறது. ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கும்போது சந்தை மதிப்புக்கு மேல் அள்ளிக்கொடுப்பதற்குத் தலைவர்களின் செருக்கே காரணம் என்ற கருத்தைப் பொருளியலாளர் ரிச்சர்ட் ரோல் 1986இலேயே முன்வைத்தார். எடின்பரோவின் ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இதற்குப் பாடநூல் உதாரணம். 2000இல் தன்னைவிடப் பெரிய நாட்வெஸ்ட் வங்கியை விழுங்கிச் செரித்த பெருமை பின்னர் அதன் தலைமை நிர்வாகியான ஃபிரெட் குட்வினுக்கு உண்டு. 2004இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 2007இல் நெதர்லாந்தின் ஏபிஎன் அம்ரோவை இரு கூட்டாளிகளுடன் சேர்ந்து 7,100 கோடி யூரோவுக்கு வாங்கினார். அவர் பெரிதும் விரும்பிய அமெரிக்கக் கிளையான லாசால் வங்கி அதற்குள் வேறொருவருக்கு விற்கப்பட்டிருந்தது. உலகச் சந்தையில் கடன் நெருக்கடியும் தொடங்கியிருந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. இவ்வளவு பெரிய கொள்முதலுக்காகக் கிடைத்த ஆய்வுத் தகவல்கள் இரண்டு கோப்புகளிலும் ஒரு குறுந்தகட்டிலும் அடங்கின என்று பிரிட்டனின் நிதிக் கண்காணிப்பு அமைப்பின் 2011 அறிக்கை பதிவுசெய்தது. இயக்குநர் குழு 'ஆமாம்' போட்டது. 2008இல் வங்கிக்கு 2,410 கோடி பவுண்டு நட்டம்; அதை மீட்கச் சுமார் 4,500 கோடி பவுண்டு மக்கள் வரிப்பணம். பட்டம் 2012இல் பறிக்கப்பட்டது.

இந்தியாவும் இதற்கு விலக்கல்ல. பிரதமர் இந்திரா காந்தியின் ஆட்சியில் 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிரகடனமானது. அமைச்சரவைக்கு மறுநாள் காலையில்தான் சொல்லப்பட்டது. தணிக்கை பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. அதனால் மக்களின் கசப்பு இந்திரா காந்தியின் காதுக்கும் எட்டாமல் போயிற்று. 1977 மார்ச் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரஸுக்கு ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. ரேபரேலியில் அவரே தோற்றார்.

ஓவனின் வரையறைமீது குறைகள் சொல்லப்படுகின்றன. நேரில் பரிசோதிக்காமல் வாழ்க்கை வரலாறுகளை வைத்து நோய் சொல்வது சரியா? அரசியல்வாதி ஒருவர் சக அரசியல்வாதிகளை எடைபோடுவதில் சாய்வு இருக்காதா? அமெரிக்க உளநோய் மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் இது இடம்பெறவும் இல்லை. இந்தக் கேள்விகள் நியாயமானவை. நோய் என்ற பெயர், தலைவரைச் சூழ்ந்து மௌனம் காத்தவர்களின் பொறுப்பையும் மறைத்துவிடக்கூடும்.

ஓவனே இடித்துரைக்கும் துணைக்கு முக்கியத்துவம் தந்தார். அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அப்படி ஒருவர் இருந்தார்: உதவியாளர் லூயி ஹவ். வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு அவர் மனைவி கிளமெண்டைன். 1940 ஜூனில், பிரான்ஸ் வீழ்ந்த அதே மாதத்தில், கணவர் கீழுள்ளவர்களிடம் ஏளனமாகவும் கடுமையாகவும் நடப்பதாக நண்பர் ஒருவர் அவரிடம் வந்து சொன்னார். முன்பிருந்த கனிவு குறைந்துவிட்டதைத் தானும் கவனித்ததாகக் கிளமெண்டைன் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதியதைக் கிழித்துப்போட்டார். சில நாள் கழித்து, 27ஆம் தேதி, மீண்டும் எழுதிக் கணவரிடம் சேர்த்தார்.