பல் பிடுங்குமுன் கேட்கப்படும் வினா

தில்லியின் சரோஜினி நகர், முன்னர் விநய் நகர் என வழங்கிய நடுவணரசு ஊழியர் குடியிருப்பு. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. அங்குள்ள விநாயகர் கோயில் அதற்குச் சான்று. நடுவணரசு ஊழியருக்கான மருத்துவத் திட்டம் (இன்றைய சி.ஜி.எச்.எஸ்.) தில்லியில் தொடங்கியது 1954இல். அதே ஆண்டில், போர்க்காலத்தில் அமெரிக்கப் படையினருக்காக எழுந்த சஃப்தர்ஜங் மருத்துவமனை நலவாழ்வு அமைச்சகத்தின் பொறுப்புக்கு வந்தது. அதன் எதிரே எய்ம்ஸ் 1956இல் அமைந்தது. பல்வலி கண்ட குடியிருப்பாளர் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆனால் பல்லைத் தொடுமுன் அவரிடம் இதயநோய் உண்டா, சர்க்கரை உண்டா என்று கேட்கும் வழக்கத்திற்குத் தனி வரலாறு உண்டு.

தொடக்கத்தில் வினா தலைகீழாக இருந்தது. 1910இல் மான்ட்ரியாலில் உரையாற்றிய பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹண்டர், சீழ்பிடித்த வாயே உடல்நோய் பலவற்றின் ஊற்று என்றார். அக்கருத்தைப் பற்றிக்கொண்டோர் மூட்டுவலிக்கும் மனநோய்க்கும் மருந்தெனப் பற்களைக் கூட்டங்கூட்டமாகப் பிடுங்கினர். மருத்துவம் நினைத்து நாண வேண்டிய காலம் அது.

எனினும் அதில் ஓர் உண்மைத் துளி இருந்தது. பல் பிடுங்கியவுடன் இரத்தத்தில் நுண்ணுயிர்கள் கலப்பதை 1935இல் ஓகெல், எலியட் இருவரும் இலண்டனில் காட்டினர். நலமான உடல் அவற்றைச் சிறிது நேரத்தில் அகற்றிவிடும். வடுப்பட்ட இதய வால்வில் அவை தங்கினால் உயிருக்கே இடர். எனவே 1955இல் அமெரிக்க இதயச் சங்கம், அத்தகையோருக்குப் பல் சிகிச்சைக்கு முன் நுண்ணுயிர்க்கொல்லி தரப் பரிந்துரைத்தது. பிம்பிரியில் இந்தியாவின் அரசு பெனிசிலின் ஆலை நிறுவப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது.

இந்தியாவில் வால்வு வடுவுக்குப் பெருங்காரணம் ருமாட்டிக் காய்ச்சல். தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் ஐம்பதுகளில் இதயநோய்ப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் எஸ். பத்மாவதி இந்நோயை ஆராய்ந்தவர். சிறுவயதில் தொண்டைவலியாக வந்து, மூட்டில் வீங்கி, பின் மறக்கப்பட்டுவிடும் நோய் இது. முப்பது வயதில் பல் மருத்துவரிடம் வருபவர் ‘இதயக்கோளாறு இல்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அறியவில்லை. வினாத்தாள் தோற்கும் இடம் இதுதான்.

2007இல் அமெரிக்கச் சங்கம் தன் பரிந்துரையை மிகுந்த இடருள்ளோருக்கு மட்டுமெனச் சுருக்கியது. இதற்கிடையே நோய்களும் மாறிவிட்டன. ஈறுநோயைச் சர்க்கரையின் ஆறாவது சிக்கல் என்று 1993இல் ஹெரால்டு லோ எழுதினார். ஆடும் பல்லைக் காட்ட வருபவரிடம் சர்க்கரை முதன்முறையாகக் கண்டறியப்படுவதும் உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியவர்கள், குருதி நில்லாது போகுமோ என்றஞ்சி ஆஸ்பிரினைத் தாமே நிறுத்திவிட்டு வருகின்றனர். பல் பிடுங்கிய குழியில் கசியும் குருதியைப் பஞ்சால் அழுத்தி நிறுத்தலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அத்தனை எளிதன்று.

மருந்தகத்திற்குச் சென்றுவந்த ஊழியருக்கு அவர் நோயறிந்த மருத்துவர் ஒருவர் இருந்தார். அதே சரோஜினி நகர்ச் சந்தையில் துணி மூட்டை சுமப்பவருக்கு அப்படி எவருமில்லை. பல்வலி தாங்காது வரும் அன்றுதான், பல் நாற்காலியில் அமர்ந்தவாறே, அவரது இரத்த அழுத்தம் முதன்முதலில் அளக்கப்படுகிறது.