ஐந்து டாலர் போர்வை

கிறிஸ்துமஸ் நெருங்கினால் அமெரிக்காவில் பல பெண்கள், தைத்து மிஞ்சிய வெட்டுத் துணிகளைச் சேர்த்துப் பண்டிகைப் போர்வை தைப்பது உண்டு. 'குவில்ட்' என்பார்கள். மேலே ஒட்டுப் போட்ட துணி, அடியில் வெறும் துணி, நடுவே பஞ்சு; மூன்றையும் சேர்த்துத் தையல் ஓடும். இந்த வழக்கத்தைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் ஹாரியட் பவர்ஸ் என்ற பெண்மணிதான் என் நினைவுக்கு வருகிறார்.

1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விடுதலைக்குப் பின் ஏதென்ஸ் நகரத்துக்கு அருகே கணவருடன் விவசாயம் பார்த்தார். 1886-இல் அந்த ஊர்ப் பருத்திக் கண்காட்சியில் அவருடைய போர்வை வைக்கப்பட்டது. அதில் 11 கட்டங்கள், எல்லாம் வேதாகமக் கதைகள். ஆதாம் ஏவாளில் தொடங்கி, கடைசிக் கட்டத்தில் சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு, மேலே பெத்லகேம் நட்சத்திரம்.

துணியை உருவமாக வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைக்கும் இந்த முறைக்கு ஆங்கிலத்திலும் 'அப்ளிக்கே' என்ற பிரெஞ்சுச் சொல்தான். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ஆப்பிரிக்க வரைபடத்தில் தஹோமே என்று ஒரு நாட்டைக் காட்டுவார்கள், இன்றைய பெனின். அந்நாட்டு மன்னர்களின் அரண்மனையில் இதே முறையில் மனிதரும் விலங்குமாகத் துணிச் சித்திரங்கள் தைத்தார்கள். ஹாரியட்டின் உருவங்களை ஆய்வாளர்கள் அவற்றோடு ஒப்பிடுகிறார்கள்.

கண்காட்சியில் போர்வையைப் பார்த்த ஓவிய ஆசிரியை ஜென்னி ஸ்மித் விலைக்குக் கேட்டார். என்ன விலை கொடுத்தாலும் தருவதில்லை என்றுவிட்டார் ஹாரியட். சில ஆண்டுகள் போயின. கையில் காசில்லாத காலம் வந்தது. 1891-இல் போர்வையைச் சுத்தமான துணியில் பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு, மாட்டு வண்டியில் ஆசிரியையின் வீட்டுக்கு வந்தார். கேட்டது 10 டாலர். ஆசிரியையால் கொடுக்க முடிந்தது 5. வெளியே போய்க் கணவரிடம் கலந்து பேசிவிட்டு வந்து, சரி என்றார்.

அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியே காலம் தள்ளியவன் நான். பொருள், தேதி, விலை, கையொப்பம். இவை இருந்தால் எங்கள் வேலை முடிந்தது. 'குறிப்பு' என்ற கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். ஜென்னி ஸ்மித் அந்தப் பத்தியை நிரப்பினார். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஹாரியட் சொன்ன விளக்கத்தைக் கேட்டு எழுதி வைத்தார். விற்ற பிறகும் போர்வையைப் பார்க்க ஹாரியட் பல தடவை வந்து போனதையும், இனித் தன்னிடம் மிஞ்சும் வெட்டுத் துணிகளையெல்லாம் அவருக்கே தருவதாக வாக்களித்த பிறகுதான் அவர் மனம் ஓரளவு ஆறியதையும் எழுதினார்.

ஹாரியட் பின்னும் தைத்தார். 15 கட்டங்கள் கொண்ட இன்னொரு போர்வை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 5 டாலருக்குப் போன முதல் போர்வை இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். ஹாரியட் 1910-இல் காலமானார்.

அந்தக் குறிப்பு இல்லையென்றால், மாட்டு வண்டியும் மடியில் இருந்த மூட்டையும் நமக்குத் தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டி தைத்த ஒட்டுத் துணி ஏதாவது கிடக்கலாம். யார் தைத்தது, எதற்காக, எந்தப் புடவையின் துண்டு என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி, அதோடு மடித்து வையுங்கள்.