லாரி மோதியது சிஞ்ச்வட்டில், குடும்பம் சேலத்தில்: இழப்பீடு வழக்கை எங்கே, எப்படிப் போடுவது?

2025 நவம்பர் 13 அன்று புனேவின் நவலே பாலம் பகுதியில் கன்டெய்னர் லாரி ஒன்று அடுத்தடுத்து வாகனங்கள் மீது மோதியது. இரண்டு கனரக வாகனங்களுக்கு நடுவே சிக்கிய கார் தீப்பிடித்தது. எட்டுப் பேர் உயிரிழந்தனர். 2022 நவம்பர் 20 அன்று இதே பகுதியில் ஒரு லாரி ஏராளமான வாகனங்களை இடித்துத் தள்ளியிருந்தது.

அந்த மும்பை-பெங்களூரு நெடுஞ்சாலைதான் சிஞ்ச்வட்டை ஒட்டி ராவேத், தாத்தவடே, வாகட் வழியாகவும் போகிறது. கிருஷ்ணகிரி, வேலூர், காஞ்சிபுரம் தாண்டி சென்னை வரை வரும் தேசிய நெடுஞ்சாலை 48ம் இதுவே. சாகண் ஆலைகளுக்கான லாரிகளும், ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவுக்குப் போகும் பைக்குகளும் இந்தப் பகுதிச் சாலைகளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. பைக்கில் போகிறவர்களில் தமிழ்நாட்டில் இருந்து வேலைக்கு வந்த இளைஞர்களும் உண்டு.

அவர்களில் ஒருவருக்கு விபத்து நேர்ந்தால், ஊரில் இருக்கும் குடும்பம் என்ன செய்ய வேண்டும்?

புனேவுக்கு அலைய வேண்டுமா?

அவசியம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988ன் 166வது பிரிவு மூன்று வாய்ப்புகளைத் தருகிறது. விபத்து நடந்த இடம், இழப்பீடு கேட்பவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த ஊரின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். புனேவில் என்றால் சிவாஜிநகர் மாவட்ட நீதிமன்ற வளாகம். பெற்றோர் சேலத்தில் இருந்தால் சேலத்திலேயே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தை அணுகலாம்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. எஃப்.ஐ.ஆரும், சம்பவ இட பஞ்சநாமாவும் பொதுவாக மராத்தியில் இருக்கும். மொழிபெயர்ப்புக்கு முதலிலேயே ஏற்பாடு செய்துவிடுவது நல்லது.

எத்தனை நாளுக்குள் மனு போடணும்?

ஆறு மாதத்துக்குள். 2019 சட்டத் திருத்தம் கொண்டுவந்த இந்தக் கெடு 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளது. இதை எதிர்த்து வழக்குகள் உள்ளன. அதனால், தாமதத்தை மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

போலீசுக்கும் கெடு உண்டு. முதல் விபத்து அறிக்கையை 48 மணி நேரத்திலும், விரிவான விபத்து அறிக்கையை 90 நாளிலும் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். இந்த விதிகளைக் கறாராகப் பின்பற்றும்படி 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விரிவான அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் சில நாளில் எதைச் சேகரிக்க வேண்டும்?

- லாரியின் பதிவு எண். கன்டெய்னர் வண்டி என்றால் இழுக்கும் வண்டிக்கும் பின்னால் இருக்கும் டிரெய்லருக்கும் தனித்தனி எண் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.
- அந்த எண்ணை வைத்து பரிவாகன் தளத்தில் இன்சூரன்ஸ், ஃபிட்னஸ் சான்று காலாவதியாகவில்லையா என்று பார்க்கலாம்.
- லாரி நின்ற இடத்தின் படங்கள். நிறுத்தப்பட்ட லாரியில் மோதியிருந்தால், இண்டிகேட்டரோ எச்சரிக்கைப் பலகையோ இருந்ததா என்பது வழக்கின் போக்கையே மாற்றும்.
- கடை, அடுக்குமாடிக் குடியிருப்பு சிசிடிவி பதிவுகள். பழைய பதிவுகள் தானாக அழிந்துவிடும் என்பதால், அவற்றைப் பத்திரப்படுத்தும்படி போலீசிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.
- மருத்துவமனை ரசீதுகள், டிஸ்சார்ஜ் சம்மரி, பிரேதப் பரிசோதனை அறிக்கை.
- சம்பள ரசீது, படிவம் 16, வருமான வரி ரிட்டர்ன்.

சிகிச்சைச் செலவு? 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தின்படி, விபத்து நாளில் இருந்து ஏழு நாட்களுக்கு, ஒருவருக்கு 1.5 லட்சம் ரூபாய் வரை அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைகளில் கட்டணமின்றி சிகிச்சை பெறலாம்.

பணம் யார் தருவாங்க?

ஓட்டுநர், உரிமையாளர், இன்சூரன்ஸ் நிறுவனம் என மூவரும் எதிர்த்தரப்பில் சேர்க்கப்படுவார்கள். நடைமுறையில் பணம் தருவது இன்சூரன்ஸ் நிறுவனம்தான். ஓட்டுநரின் உரிமம் போலி, லாரிக்கு பெர்மிட் இல்லை என்று அந்த நிறுவனம் வாதிடலாம். அது உண்மையாகவே இருந்தாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன. இன்சூரன்ஸே இல்லை என்றால் உரிமையாளர்தான் பொறுப்பு.

லாரி நிற்காமல் போய், எண்ணும் தெரியவில்லையா? அதற்குத் தனித் திட்டம் உண்டு. உயிரிழப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய். விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லாத 164வது பிரிவும் உண்டு. இதில் உயிரிழப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு 2.5 லட்சம். ஆனால் மாதச் சம்பளக்காரர் குடும்பத்தின் உண்மையான இழப்பு இதைவிடப் பல மடங்கு. அதற்கு 166வது பிரிவுதான் வழி.

எவ்வளவு கிடைக்கும்? ஒரு கணக்கு

சர்லா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) ஆகிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே இதற்கு அடிப்படை. உயிரிழந்தவருக்கு வயது 32, நிரந்தர வேலை, வரி போக மாதம் 60,000 ரூபாய், மனைவியும் குழந்தையும் தாயும் அவரை நம்பி இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

- ஆண்டு வருமானம்: 7,20,000
- 40 வயதுக்குக் கீழ் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 50% சேர்த்தால்: 10,80,000
- அவருடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கு கழித்தால்: 7,20,000
- 31-35 வயதுக்கான பெருக்கு எண் 16: 1,15,20,000

இறுதிச் சடங்கு, குடும்பத்தினரின் உறவு இழப்பு ஆகியவற்றுக்கான தொகைகளும் வட்டியும் இதற்கு மேல்.

கல்யாணம் ஆகாதவர் என்றால் சொந்தச் செலவுக்குப் பாதி கழிப்பார்கள். பெருக்கு எண்ணுக்கு எடுத்துக்கொள்வது உயிரிழந்தவரின் வயதைத்தான், பெற்றோரின் வயதை அல்ல. சுயதொழில் செய்பவர், நிலையான சம்பளத்தில் இருப்பவர் என்றால் 50%க்குப் பதில் 40% சேர்ப்பார்கள். எனவே வேலை நிரந்தரமானது என்று காட்டும் நியமனக் கடிதம்கூட பல லட்சம் ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்கும்.

காயம்பட்டவர் விஷயத்தில், உடல் ஊனம் எத்தனை சதவீதம் என்பதோடு, அது அவருடைய வேலையை எந்த அளவு பாதிக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது 2010 ராஜ்குமார் வழக்குத் தீர்ப்பு. விரல்கள் செயலிழந்தால் மென்பொருள் பொறியாளருக்கு ஏற்படும் இழப்பு வேறு, மேலாளருக்கு ஏற்படும் இழப்பு வேறு.

கம்பெனி மெடிக்ளைம் பணம் வந்தால் அதைக் கழிப்பாங்களா? கழிக்கக் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது.

ஓட்டுநர் குடும்பத்துக்கு?

சிஞ்ச்வட் சாலைகளில் நாமக்கல் லாரிகளும் ஓடுகின்றன. தன் தவறால் நடந்த விபத்தில் ஓட்டுநர் இறந்தால் 166வது பிரிவில் குடும்பம் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் வேலை நேரத்தில் நடந்த விபத்து என்பதால், பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923க்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020ன் கீழ் லாரி உரிமையாளரிடம் கேட்கலாம். தவறு எதிர் வாகனத்தின் மீது என்றால் இரண்டு சட்டங்களில் ஏதாவது ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"கேஸ் எதுக்கு, பேசி முடிச்சுக்கலாம்"

மருத்துவமனை வாசலிலேயே இப்படிச் சொல்லி ஒரு தொகையை நீட்டுபவர்கள் உண்டு. மேலே உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சமரசம் செய்வதில் தவறில்லை. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் அதிகாரி 30 நாட்களுக்குள் ஒரு தொகையை முன்வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அது தீர்ப்பாயத்தில் பதிவாக வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. எனவே மனைவியோ தாயோ மனு போடும்போது இந்த உதவியை உரிமையாகவே கேட்கலாம்.