ஒரு பில்லியனுக்கு எத்தனை சைபர்?

சில வருஷங்களுக்கு முன்னாடி ஒரு ஐரோப்பிய வாடிக்கையாளருக்காக டாஷ்போர்டு ஒன்று எழுதிக்கொண்டிருந்தோம். பல நாடுகளின் அரசுக் கடனை ஒரே வரைபடத்தில் காட்ட வேண்டும். சோதனைக்கு ஓடவிட்டால், ஜெர்மனியின் கோடு மட்டும் தரையோடு ஒட்டிக் கிடந்தது. ஜெர்மன்காரங்க சிக்கனமானவங்கதான், அதுக்காக இவ்வளவா?

நோண்டிப் பார்த்தபோது தப்பு என்னுடையது. ஜெர்மன் கோப்பில் அலகு 'பில்லியோனன்' என்று இருந்தது. 'பில்லியோன்' என்பதன் பன்மை. அதை நான் ஆங்கில பில்லியன் என்று எடுத்துக்கொண்டு பெருக்கியிருந்தேன். 2 லட்சம் கோடி யூரோவுக்கு மேல் வரவேண்டிய கடன் 200 கோடிச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. ஆயிரம் மடங்கு வித்தியாசம்!

ஒருமையில் எழுதினால் இரண்டு மொழியிலும் அதே ஏழு எழுத்துதான். ஆங்கிலத்தில் அதற்கு 9 சைபர், அதாவது நம்முடைய நூறு கோடி. ஜெர்மனில் 12 சைபர், அதாவது லட்சம் கோடி. ஒன்பது சைபருக்கு ஜெர்மனில் 'மில்லியார்டே' என்று தனிச் சொல் இருக்கிறது. இது எப்படி ஆச்சுன்னு அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தேன். கடைசியில் பிரான்ஸில் போய் நின்றது.

முதலில் மில்லியன். இது இத்தாலியச் சொல். ஆயிரத்துக்கு 'மில்லே', அதோடு பெரிசு என்று காட்டும் விகுதியைச் சேர்த்தால் 'மில்லியோனே', பெரிய ஆயிரம். அதற்கு மேலே போக 15-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லியோன் நகரில் வாழ்ந்த நிக்கோலா ஷூகே 1484-இல் எழுதிய கணித நூலில் எண்களை ஆறாறு இலக்கமாகப் பிரித்து பில்லியன், டிரில்லியன் என்று வரிசையாகப் பெயர் வைக்கிறார். 'பி' என்றால் இரண்டு: மில்லியனை இரண்டு முறை பெருக்கு, 12 சைபர். 'ட்ரி' என்றால் மூன்று: 18 சைபர். பெயரைப் பார்த்தாலே கணக்கு வந்துவிடும். பாவம், அவருடைய நூல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து 1880-இல்தான் அச்சேறியது. ஆனால் 1520-இலேயே எத்தியென் த லா ரோஷ் என்பவர் அதிலிருந்து நிறைய எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டுவிட்டார், அந்த வழியாக இந்தப் பெயர்கள் பரவின.

பிறகு பிரெஞ்சுக்காரர்களே அதைக் கலைத்தார்கள். 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் சிலர் எண்களை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் அடுத்த பெயரை வைத்தார்கள். பில்லியன் 9 சைபருக்கு இறங்கியது. அமெரிக்கா இந்தப் புது வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனும் ஜெர்மனியும் பழசிலேயே நின்றன. புரோகிராம் எழுதுபவன் கண்ணுக்குப் புது முறை கொஞ்சம் அசிங்கம். 'பி' என்ற இரண்டு, ஆயிரத்தின் மூன்றாவது அடுக்கைக் குறிக்கிறது. நாங்கள் தினமும் துரத்துகிற அதே 'ஒன்று தள்ளிப்போன' பிழை!

இனிமேல்தான் வேடிக்கை. 1961-இல் பிரான்ஸ் அரசாணை போட்டு பழைய 12 சைபருக்கே திரும்பியது. சரியாக 13 வருஷம் கழித்து பிரிட்டன் அதைக் கைவிட்டது. 1974 டிசம்பரில் ஒரு எம்.பி., பிரதமர் ஹெரால்ட் வில்சனிடம், அமைச்சர்கள் பில்லியனை பிரிட்டிஷ் பொருளில் மட்டுமே பயன்படுத்துவார்கள் என்று உறுதி தருவீர்களா என்று கேட்டார். மாட்டேன், உலகம் முழுக்க இப்போது ஆயிரம் மில்லியன் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள், நாம் வேறு மாதிரி சொன்னால் குழப்பம்தான் என்பது வில்சனின் பதில். ஆகவே பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் பில்லியன் என்று பார்த்தால் முதலில் அச்சான வருஷத்தைப் பாருங்கள்.

இது வெறும் அகராதி விவகாரம் இல்லை என்பதற்கு 1923 போதும். அந்த நவம்பரில் ஒரு அமெரிக்க டாலரின் விலை 4.2 ஜெர்மன் பில்லியோன் மார்க், நம் கணக்கில் 4.2 லட்சம் கோடி. காகித மார்க்குக்குப் பதிலாக வந்த ரென்டன்மார்க் ஒன்றுக்கு ஒரு பில்லியோன் பழைய மார்க், ஒரேயடியாக 12 சைபரை வெட்டினார்கள். இதையே இன்றைய ஆங்கிலத்தில் டிரில்லியன் என்று எழுத வேண்டும். மாற்றாமல் அப்படியே பில்லியன் என்று விட்டுவிட்டால் ஒரு நாடு பட்ட அவதியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஹங்கேரி 1946-இல் இன்னும் மோசம். சைபர் போட இடமில்லாமல் 'பி-பெங்கோ' என்று ஒரு அலகே வந்தது, 12 சைபர் கொண்ட பில்லியன் பெங்கோ என்று அர்த்தம். புழக்கத்துக்கு வந்த மிகப் பெரிய நோட்டு 100 மில்லியன் பி-பெங்கோ. மொத்தம் 20 சைபர். இங்கே 'பி'-யைத் தப்பாகப் படித்தால் மூன்று சைபர் போச்சு.

இன்றைக்கு நிலவரம்? ஸ்பானிய மொழியில் 'பில்லோன்' 12 சைபர். ஒன்பது சைபருக்கு 'ஆயிரம் மில்லியன்' என்றே சொல்கிறார்கள். வெனிசுலா அதிபர் ரஃபேல் கால்டெராவின் யோசனைப்படி ஸ்பானிய மொழிக் கழகம் 1995-இல் 'மில்லார்டோ' என்ற சொல்லை ஏற்றுக்கொண்டது, ஆனாலும் ஜனங்க வாயில் அது அவ்வளவாக ஏறவில்லை. இத்தாலியர்கள் பில்லியன் பக்கமே போகாமல் 'ஆயிரம் மில்லியார்டி' என்று தப்பித்துக்கொள்வார்கள். ரஷ்யன் ஒரு கலப்படம்: ஒன்பதுக்கு ஜெர்மன் மாதிரி 'மில்லியார்ட்', அதற்கு அடுத்து அமெரிக்கா மாதிரி 12 சைபருக்கு 'டிரில்லியோன்'. ஜெர்மன்காரரின் டிரில்லியோனுக்கோ 18 சைபர்.

எங்கள் நிரலில் மொழிவாரியாக ஒரு அட்டவணை போட்டுச் சரிசெய்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தால், சோதனை செய்யும் பெண் வந்து நின்றாள். "போர்ச்சுகீஸுக்கு ஒரு வரிதான் போட்டிருக்கீங்க சார், எந்த நாட்டு போர்ச்சுகீஸ்?" போர்ச்சுகலில் பில்லியன் 12 சைபர், பிரேசிலில் 9. இரண்டு வரியாகப் பிரித்தேன்.