காயலான் சாமானில் பிறந்த ஒளிவாள்

ஸ்ரார் வோர்ஸ் படத்தில் லூக் ஸ்கைவோக்கரின் ஒளிவாளைப் பார்த்தால் ஏதோ எதிர்காலத்துப் பொருள் எண்டுதான் தோன்றும். உண்மையில் அது பழைய கமராச் சாமான். 1940களில் அமெரிக்கப் பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் கொண்டு திரிந்த கிராஃப்ளெக்ஸ் பிளாஷின் கைபிடி. உள்ளே மூன்று பற்றரி, மேலே ஒரு பல்ப், அவ்வளவுதான்.

படத்தின் அரங்கப் பொருட்களைப் பார்த்துக்கொண்ட ரோஜர் கிறிஸ்டியனின் கையில் காசு குறைவு. இலண்டன் கமராக் கடையொன்றில் இந்தக் கைபிடிகளைக் கண்டெடுத்தார். பிடிக்குச் சில கறுப்புப் பட்டிகளை வெட்டி சுப்பர் குளூவால் ஒட்டினார். கல்குலேற்றரில் இலக்கங்களைப் பெருப்பித்துக் காட்டும் பிளாஸ்ரிக் துண்டைக் கழற்றி நடுவில் செருகினார். இடுப்பில் தொங்கவிட ஒரு வளையம். வாள் முடிந்தது! அதே மாதிரிப் பட்டிகளை ஸ்ரேர்லிங் துப்பாக்கிகளிலும் ஒட்டி விண்வெளி ஆயுதமாக்கினார்கள். 1978இல் அந்தப் படத்தின் அரங்க அமைப்புக்கு ஒஸ்காரும் கிடைத்தது.

பிறகு ரசிகர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, எந்தத் துண்டு எந்தச் சாமானில் இருந்து வந்தது எண்டு தேடத் தொடங்கினார்கள். கிராஃப்ளெக்ஸ் கைபிடிகளின் விலை ஏறியது. பழைய கமரா சேர்ப்பவர்களுக்கு இதில் கோபம், அது நியாயமானதும்கூட. காசில்லாதவர்கள் வீட்டிலேயே மிஞ்சிய பிவிசி குழாயை அறுத்து, அரத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளிப் பெயின்ற் அடித்து, காரின் வைப்பர் ரப்பரைப் பிடியாக ஒட்டினார்கள். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ‘அசலை’விட இதுதான் கிறிஸ்டியன் செய்த வேலைக்குக் கிட்ட நிற்கிறது என்பது எங்கட எண்ணம்.

அப்படிச் செய்து விற்கலாமா? அதே படத்தின் படைவீரர் தலைக்கவசங்களைத் தன் பட்டறையில் பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி வார்த்துக் கொடுத்தவர் அன்ட்ரூ எய்ன்ஸ்வேர்த். பல வருடங்களுக்குப் பிறகு அவரே பிரதிகள் விற்க, லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. 2011இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், தலைக்கவசம் சிற்பம் அல்ல, படம் எடுக்கப் பயன்பட்ட பொருள் மட்டுமே, ஆகவே அங்கே சிற்பத்துக்குரிய பதிப்புரிமை இல்லை என்றது. அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்கு மட்டும் அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுப் பட்டறைக்காரருக்கு இது நல்ல தீர்ப்புத்தான். ஆனாலும், களிமண்ணில் அந்த முகத்தை முதலில் பிசைந்து எடுத்தவரின் வேலை சிற்பமே இல்லை என்றால் வேறு எது சிற்பம் எண்டு எங்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை.