பழச்சக்கையும் ஊற்றுப் படுகை உலர்த்தியும்: இடர் நீரிலா, சர்க்கரையிலா?

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளுக்குக் கோடைதான் பருவம். கூழுக்கு அதிகம் செல்வது பெங்களூரா என்னும் தோத்தாபுரி ரகம். பழ எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, சில வேளை அதற்கு மேலும், தோலாகவும் கொட்டையாகவும் ஒதுங்குகிறது. தோலில் பெக்டின், நார்ச்சத்து, பாலிபீனால்கள் உள்ளன. ஆனால் ஈரத்தோடு குவித்து வைத்தால் விரைவில் புளித்துவிடும். ஆகவே உலர்த்தல்தான் முதல் வேலை. அதற்கு ஊற்றுப் படுகை உலர்த்தியைப் பரிந்துரைப்போர் பலர். அப்பரிந்துரையை நிபந்தனையின்றி ஏற்க இயலாது என்பதே என் வாதம்.

இக்கருவி கோதுமைக்காகப் பிறந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த மாத்தூர், கிஷ்லர் இருவரும் 1955இல் இதனை விவரித்தனர். கூம்பு வடிவ அடிப்பாகத்தின் துளை வழியே சூடான காற்று பீறிட்டு எழுகிறது; மணிகள் நடுவே மேலேறி, உச்சியில் சிதறி, ஓரங்களில் மெல்லச் சரிந்து மீண்டும் அடிக்கு வருகின்றன. கடுஞ்சூட்டுக் காற்றோடு மணிக்குள்ள தொடர்பு ஒவ்வொரு சுற்றிலும் நொடிப்பொழுதே. ஓரத்தில் இறங்கும்போது உள்ளீரம் மேற்பரப்புக்கு வர அவகாசம் கிடைக்கிறது. வெப்பத்தால் கெடும் பொருளுக்கு இதைவிட இணக்கமான ஏற்பாடு அரிது.

ஆனால் சக்கை கோதுமை அன்று. நார்மிக்க தோல் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், தனியே ஊற்றெடுக்கா. பிரேசிலில் அசெரோலாப் பழச்சக்கையைச் சோயா மணிகளோடு கலந்து ஊற்றெடுக்கச் செய்து ஆய்ந்திருக்கிறார்கள். இன்னொரு வழி, சக்கையைப் பசையாக அரைத்துக் கண்ணாடி அல்லது பாலிப்ரோப்பிலீன் மணிகளின் மேல் பூசுவது. படலம் காய்ந்து, மோதலில் உதிர்ந்து, காற்றோடு சென்று, காற்றிலிருந்து துகளைப் பிரிக்கும் சைக்ளோனில் பொடியாகச் சேரும்.

இங்கேதான் சர்க்கரை குறுக்கிடுகிறது. நீரற்ற நிலையில் பிரக்டோஸின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை, அதாவது நொறுங்கும் திடப்பொருள் குழையத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 5 டிகிரி செல்சியஸ். குளுக்கோஸுக்கு 31, சுக்ரோஸுக்கு 62. சிறிதளவு ஈரம் இருந்தாலும் இவை இன்னும் தாழும். படுகையோ 60, 70 டிகிரியில் இயங்குகிறது. படலம் நொறுங்காமல் குழைந்து மணிகளை ஒட்டவைக்கிறது. ஊற்று தடுமாறி நின்றுவிடுகிறது. விரைவாகக் காய வேண்டுமென்று சூட்டைக் கூட்டினால் ஒட்டல் மிகவே வாய்ப்பு. மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது வழக்கமான தீர்வு. அது பொடியை ஓட வைக்கும், கூடவே நாம் காக்க முயன்ற பாலிபீனாலின் செறிவையும் குறைக்கும்.

இரண்டாம் குறை காற்றுச் செலவு. இக்கருவியில் காற்றின் அளவை உலர்த்தும் தேவை முடிவு செய்வதில்லை, மணிகளைத் தூக்கும் தேவையே முடிவு செய்கிறது. உலர்த்தலின் பிற்பகுதியில் ஈரம் மெல்லவே வெளியேறும். காற்று ஏறக்குறைய அதே சூட்டோடு வெளியே போகும்.

இரண்டுக்கும் ஓரளவு மருந்தாவது பிழிவு. 80 விழுக்காடு ஈரமுள்ள 1000 கிலோ சக்கையை 10 விழுக்காட்டுக்குக் கொண்டுவர 778 கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். முதலில் அழுத்திப் பிழிந்து ஈரத்தை 70 விழுக்காடாக்கினால், பிழிசாற்றோடு போகும் திடப்பொருளைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், ஆவியாக்க வேண்டியது 444 கிலோவே. சாற்றோடு சர்க்கரையிலும் ஒரு பங்கு வெளியேறுவதால் ஒட்டலும் தணியும். நீரில் கரையும் பாலிபீனாலில் ஒரு பகுதி உடன் போவது உண்மையே. அச்சாற்றை ஓடையில் விடவும் கூடாது. சாண எரிவாயுக் கலனில் நொதிக்க விடலாம்.

மாட்டுத் தீவனம்தான் இலக்கு என்றால் சுழல் உருளை உலர்த்தி போதும். ஊற்றுப் படுகை வீண் செலவு. உணவுக்கான நார்ப்பொடியோ பாலிபீனால் நிறைந்த தோல்பொடியோ இலக்கானால், கொட்டையை முன்பே பிரித்து, தோலைப் பிழிந்த பின், இறுதிக் கட்டத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துவதே தகும். மாம்பருவம் போனபின் வேறு விளைபொருளுக்கும் ஓடாத உலர்த்தியில் முதலிட ஆலைகள் முன்வரா.